தோலைத் தேடி வந்த மாடு

காலைச் சங்கு ஊதி, சாப்பாட்டுத் தூக்குகளோடு ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்த நேரத்தில், தோல் பதனிடுகிற ஆவாரங்குட்டை தோல்ஷாப்பின் கேட்டுக்கு முன்னால் தோலில்லாத ஒரு மாடு வந்து நின்றது. வாட்ச்மேன் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, லாரி வருகிற வழி, ஓரமாக நில் என்றான். மாடு ஓரமாக நின்றது.

ஊரைத் தெரியாதவர்களுக்கு இது விளங்காது. ஆகவே ஊரைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு அருவருப்பு கிடையாது. அது வெளியூர்க்காரர்களுக்கு வருகிற ஒரு வியாதி என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் பஸ்ஸின் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும், கைக்குட்டைகள் மூக்குக்குப் போகும், நாங்கள் ஏறி உட்கார்ந்தால் பக்கத்து சீட்டுக்காரர் வெளியே வேடிக்கை பார்ப்பவர் போல நகர்ந்து உட்காருவார், நாங்கள் எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம். கல்யாணமாகி வரும் பெண்கள் வந்த வாரம் வாந்தி எடுப்பார்கள், அதற்குள்ளாகவா என்று மாமியார்கள் முகம் மலர்வார்கள், இல்லை நாற்றம் தாங்கவில்லை என்று அந்தப் பெண்கள் அழுவார்கள், கொஞ்ச நாளில் அதே பெண்கள் தோல் ஊறுகிற குழிக்கரையில் உட்கார்ந்து தயிர்சாதத்தைப் பிசைந்து விரலை நக்கிக்கொண்டிருப்பார்கள்.

கடையில் பர்ஸை வாங்கி மூக்கில் வைத்து, ஆகா ஒரிஜினல் லெதர் என்று கண்ணை மூடுகிறார்களே, அவர்கள் ஒரே ஒரு நாள் இங்கே வரவேண்டும். உரித்த தோல் உப்புப் போட்டு மடித்து லாரியில் வரும், வரும் வழியெல்லாம் ரத்தமும் உப்பும் கலந்த தண்ணீரை ரோட்டில் ஒழுகவிட்டுக்கொண்டே வரும், அதை உதறி ஊறல் குழியில் போட்டால் காய்ந்த சாணமும் ரத்தமும் கரைந்து தண்ணீர் பழுப்பாக நுரைக்கும், அங்கிருந்து சுண்ணாம்புக் குழிக்குப் போனால் முடி வேரோடு வெந்து கூழாகும், தோல் ஊதி வெளுத்துக் கொழகொழக்கும், முட்டை அழுகின வாடை கண்ணைக் கரிக்கும், அதை எடுத்துப் பலகையில் போட்டு வழித்தால் முடிக்கூழ் ஒரு பக்கம், கொழுப்பும் சவ்வும் ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு விழும், அந்தக் குவியலின் மேல் காக்கைகள் நடக்கும், கோந்து காய்ச்சுகிறவன் வந்து அள்ளிக்கொண்டு போவான், பிறகு ஆசிட், பிறகு ஓர் ஆள் உயரத்துக்கும் மேலான மர டிரம்மில் போட்டு குரோம் என்கிற மருந்தோடு உருட்டினால், உள்ளே போன தோல் நீலமாக வெளியே வரும். நீலமானபின் அது அழுகாது, புழுக்காது, எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. டிரம்முக்குள் போகிறவரைக்கும் அது மாட்டுடையது, வெளியே வந்தால் செருப்புடையது. இது எங்கள் ஊரில் பேச்சு பழகிய பிள்ளைக்கும் தெரியும்.

இப்போது மாட்டுக்கு வருகிறேன். நிறமும் தோலோடு போய்விட்டதால் அது என்ன நிற மாடு என்று சொல்ல முடியவில்லை. காது இருந்த இடத்தில் வெளுத்த குருத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. சிவந்த சதையும் மஞ்சள் கொழுப்பும் அதன்மேல் ஓடிய நீலநரம்பும், அது ஓர் அடி வைத்தால் இழுத்துக்கொண்டன, நின்றால் தளர்ந்தன. நாங்கள் தினமும் பலகைக்குக் கீழே வழித்துத் தள்ளியதெல்லாம் எழுந்து எங்களைப் பார்க்க வந்துவிட்டது போலிருந்தது. பார்க்க வந்தது என்பதைச் சும்மா சொல்லவில்லை. இமையும் தோல்தானே, இமை போனதால் கண் இரண்டும் முழு உருண்டையாக வெளியே நின்றன, அந்த மாட்டால் எங்களைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அன்றைக்குத்தான் எங்கள் ஊர் ஆண்கள் முதல்முறையாக வாந்தி எடுத்தார்கள். முப்பது வருஷம் சுண்ணாம்புக் குழியில் நின்ற ஆட்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி ஓங்கரித்தார்கள், ஓங்கரித்துவிட்டு வெட்கப்பட்டார்கள்.

லாரி உள்ளே போனதும் மாடும் பின்னாலேயே போய், குடோனில் அடுக்கியிருந்த உப்புத் தோல்களை ஒவ்வொன்றாக முகர்ந்தது. குழிகளுக்கெல்லாம் பொறுப்பான மேஸ்திரி தணிகாசலம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குடையை மறந்துவிட்டுப் போனவர் திரும்பி வந்திருக்கிறார் என்று சொல்வது போல, தோலைத் தேடுகிறது என்றார். தேடட்டும் என்று ஆட்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

குடோனில் அப்போது உப்பு உதறிக்கொண்டிருந்தவள் கஸ்தூரி. அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவர் எந்த ஊரில் மூக்கை அடகு வைத்திருந்தாரோ தெரியாது. புருஷன் போய், மகளைக் கட்டிக்கொடுத்து, தனியாக இருந்தவள். அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு மாடு, பவுனு என்று பெயர், பழுத்த எலுமிச்சை நிறம். ஒருமுறை வடித்த கஞ்சி கவிழ்ந்து பவுனின் கழுத்தில் கையகலத்துக்கு வெந்துபோனபோது, கஸ்தூரி மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவித் தடவி ஆற்றினாள். ஆறின பிறகும் மாடு அந்தப் பழக்கத்தை விடவில்லை. தினமும் சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்ததும் கழுத்தின் அந்தத் தழும்பைக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் அழுத்தும். அழுத்தி முடித்த பிறகுதான் தண்ணீர் குடிக்கும்.

பவுனு சினை பிடிக்காமல் போய் மடி வற்றியதும் தரகன் வந்தான். தென்னந்தோப்புக்காரர் ஒருவர் சாணத்துக்காகவே கிழட்டு மாடுகளை வைத்துக் காப்பாற்றுகிறார் என்றான். நம்புவதற்கு வசதியாக இருந்ததால் கஸ்தூரி நம்பினாள். தோல்ஷாப்பில் உப்பு உதறுகிற பெண்ணுக்கு வற்றின மாடுகள் எங்கே போகும் என்று தெரியாதா, தெரியும், அப்படியும் நம்பினாள். மாடு வந்து நிற்பதற்கு முந்தின நாள்தான், லாரியிலிருந்து இறங்கிய தோல்களில் ஒன்றை விரித்தபோது, எலுமிச்சை நிறத்தில், கழுத்தில் கையகலத் தழும்போடு அது கிடந்தது. கஸ்தூரி அதை எப்போதும் போல உதறினாள். எப்போதும் போல ஊறல் குழிக்குப் போகிற வண்டியில் வைத்தாள். அன்றைக்குச் சோறும் தின்றாள்.

இப்போது அந்தச் சதைக்குவியல் அடுக்கு அடுக்காக முகர்ந்துகொண்டே வந்து, அவளுக்கு எதிரில் நின்று, வெந்த தழும்பு இருந்திருக்க வேண்டிய இடத்தை, பச்சைச் சதையை, அவள் கைக்கு நேராக நீட்டியது. கஸ்தூரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பக்கத்தில் அவளோடு உப்பு உதறிக்கொண்டிருந்த எஸ்தர், "இன்னாக்கா, உன்னாண்ட வருது" என்று கேட்டதற்கு, எல்லாரிடமும்தான் போகிறது என்று சொல்லிவிட்டு வேறு அடுக்குக்கு நகர்ந்தாள்.

சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். தோல் அப்போது ஊறல் குழியில்தான் கிடந்தது, முடியோடு, நிறத்தோடு, கழுவினால் உப்பும் போய்விடுகிற நிலையில் கிடந்தது. ஆனால் சொன்னால் மாட்டை வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும், அடுப்புக்கு நாலு எட்டில் கட்டவேண்டும், சதையைத் தொடவேண்டும். அதோடு மாட்டை விற்றது எங்கள் ஊரில் தப்பில்லை, எல்லோரும்தான் விற்கிறோம்; விற்ற மாடு திரும்பி வந்து ஆளைக் காட்டிக்கொண்டு நிற்பதுதான் அசிங்கம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

இனி ஊர் என்ன செய்தது என்று சொல்கிறேன், எனக்கு இதைச் சொல்லத்தான் அதிகம் குமட்டுகிறது. முதலில் ஆட்டோவில் மைக் கட்டி, யாருடைய மாடு, வந்து ஓட்டிக்கொண்டு போகவும் என்று தெருத்தெருவாகச் சொன்னார்கள், யாரும் வரவில்லை. மாட்டு டாக்டர் வந்து நாடி பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார், ஊசி போடலாமென்றால் துளைத்து உள்ளே போகத் தோலே இல்லை, எங்கே குத்தினாலும் உள்ளேதான் இருக்கிறது என்று ஊசியைப் பையில் வைத்துக்கொண்டு போனார். வற்றியிருந்த மடி நிறைந்து கனத்துத் தொங்கியதால் டீக்கடை காதர் கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு கறந்து பார்த்தார். பால் கெட்டியாக, வெள்ளையாக, இனிப்பாக இருந்தது. முதல் நாள் யாரும் குடிக்கவில்லை. இரண்டாம் நாள் மேஸ்திரி குடித்தார். அதற்குப் பிறகு காதர் கடையில் நிற்க இடமில்லை, நுரை ததும்ப டீயை வாங்கிக்கொண்டு மாட்டுக்கு முதுகைக் காட்டி நின்று குடித்தோம்.

அதைவிடப் பெரிய நன்மை ஈ. ஊரில் இருந்த ஈயெல்லாம், சவ்வுக் குவியலிலும் சாக்கடையிலும் குழந்தைகளின் வாயோரத்திலும் மொய்த்துக்கொண்டிருந்த ஈயெல்லாம், எங்களை விட்டுவிட்டு அந்த மாட்டின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. எங்கள் பெண்கள் சோற்றை மூடாமல் வைத்தார்கள். பழக்கடைக்காரர் விசிறியைத் தூக்கிப் போட்டார். மாடு மட்டும் கறுப்பாக, மெல்ல அசைகிற கறுப்பாக, பகலெல்லாம் நின்றது. தோல் இருந்தால் சிலிர்த்து ஈயை உதறும், சதைக்குச் சிலிர்க்கத் தெரியவில்லை. மனசு கேட்காமல் சிலர் கொசுவலை கொண்டுவந்து போர்த்தினார்கள். சாயங்காலம் அதை எடுத்தபோது சதையும் ஒட்டிக்கொண்டு வந்தது, அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் யாரும் அன்று சாப்பிடவில்லை, மறுநாள் வலையைத் துவைத்துத் திரும்பவும் போர்த்தினார்கள். கல்யாண ஊர்வலங்கள் மட்டும் வேறு தெருவுக்கு மாறிக்கொண்டன. மற்றபடி மாடு எங்களுக்குப் பழகிவிட்டது என்றே சொல்லவேண்டும், அதன் கண்களைத் தவிர. அந்தக் கண்களை எங்களால் பழகிக்கொள்ள முடியவில்லை.

இந்த நாட்களிலெல்லாம் அந்த எலுமிச்சை நிறத் தோல் தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. ஊறல் குழியிலிருந்து சுண்ணாம்புக் குழிக்குப் போனது. கஸ்தூரி தூரத்திலிருந்து பார்த்தாள். முடி கூழாகி நிறம் போனது. முடிதானே, முளைத்துக்கொள்ளும், இன்னும் நேரமிருக்கிறது என்று நினைத்தாள். பலகையில் விழுந்து சவ்வை வழித்தார்கள். அதன்பின் அவள் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். மாடு தினமும் குடோனுக்கு வந்து அவள் எதிரில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. அவள் தினமும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் முதலாளி குபேந்திரனுக்குப் போன் வந்தது. அவருடைய தோலை வாங்குகிற வெளிநாட்டுக்காரர் நேரில் வருகிறார். இங்கே எந்த உயிரும் வதைபடவில்லை என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் இனி வாங்குவாராம். முதலாளி மாட்டை லாரியில் ஏற்றி மலையடிவாரத்தில் விட்டுவரச் சொன்னார், அது லாரிக்கு முன்னால் திரும்பி வந்தது. கசாப்புக்காரரைக் கூப்பிட்டார். அவர் மாட்டைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "என் வேலை முடிஞ்சி போயி நிக்கிது முதலாளி. இதுக்கு மேல நான் இன்னா பண்றது?" என்று கத்தியைக்கூட எடுக்காமல் போய்விட்டார். கடைசியில் மேஸ்திரிதான் யோசனை சொன்னார். தோல் கேட்டு வந்திருக்கிறது. நம்மிடம் இல்லாத தோலா, ஒன்றைப் போர்த்தித் தைத்துவிடுவோம்.

ஊரே சந்தோஷப்பட்டது. அந்த மாட்டுக்கு வலிக்கிறதே என்று அல்ல, நாங்கள் அதைப் பார்க்காமல் இருக்கலாமே என்று. இதை ஒளிக்க நான் விரும்பவில்லை. புதிதாக வந்த லாரியிலிருந்து ஒரு நல்ல தோலை, காயமோ உண்ணிக்கடியோ இல்லாத செவலைத் தோலை, மேஸ்திரி பொறுக்கி எடுத்தார். கஸ்தூரியும் எஸ்தரும் இரண்டிரண்டு முனையைப் பிடித்து அதை உதறினார்கள், எப்போதும் உதறுகிற மாதிரி உதறினார்கள், மிச்சத்தைக் குழித்தண்ணீர் பார்த்துக்கொள்ளும் என்று கைக்குப் பழகிய அளவில் உதறினார்கள். நாலு பேர் தூக்கி மாட்டின் முதுகில் போட்டார்கள்.

வந்த நாளிலிருந்து வாய் திறக்காத மாடு அப்போது கத்தியது. அது மாடு கத்துகிற சத்தமாக இல்லை. ஆனால் எங்களில் ஒருவர், பார் சந்தோஷத்தை என்றார், நாங்களும் அப்படித்தான் இருக்கும் என்று கால்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டோம், மேஸ்திரி மெழுகு நூலைக் கோணி ஊசியில் கோத்துக் கழுத்திலிருந்து தைக்க ஆரம்பித்தார், மாடு கத்திக்கொண்டே நின்றது, தோலுக்கு அடியிலிருந்து சிவப்புத் தண்ணீர் நாலு காலிலும் வழிந்தது. செவலைத் தோலின் தலைப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்த கஸ்தூரியின் உதட்டில் அந்தத் தண்ணீர் ஒரு சொட்டுத் தெறித்தது. அவள் அதை நாக்கால் துடைத்தாள்.

"மேஸ்திரி, உப்பு" என்றாள். "உப்ப நாம எடுக்கவே இல்லியே."

மேஸ்திரியின் கை நின்றது. அவர் அவளைப் பார்த்து, உண்மையாகவே புரியாமல், "தோலுன்னா உப்பு இருக்கும் தானம்மா" என்றார்.

நூறு வருஷமாக எங்கள் ஊருக்குத் தோல் உப்போடுதான் வருகிறது. உப்பில்லாத தோலை நாங்கள் பார்த்ததே இல்லை. அத்தனை பேர் நின்றோம், உப்பிலேயே வாழ்கிற, உப்பால் விரலிடுக்கு வெடித்த அத்தனை பேர், ஒருவருக்கும் பச்சைச் சதையில் உப்பு என்ன செய்யும் என்று தோன்றவில்லை.

கஸ்தூரி தோல் வெட்டுகிற கத்தியை எடுத்துத் தையலை அறுத்தாள். செவலைத் தோலை இழுத்துக் கீழே தள்ளினாள். குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள், இத்தனை நாள் தொடக் கூசிய சதையை இரண்டு கையாலும் தடவித் தடவிக் கழுவினாள், கழுவிக்கொண்டே சொன்னாள்: "இது என் மாடு. பவுனு. இத்தோட தோல நான்தான் ஒதறினேன். கழுத்துல தழும்பு இருக்கும். போயி எடுத்தாங்க."

ஆட்கள் மேஸ்திரியைப் பார்த்தார்கள். மேஸ்திரிதான் மெதுவாகச் சொன்னார். "அந்த லோடு நேத்தே டிரம்முல போட்டாச்சிம்மா. இப்பதான் எறக்கிக்கினு கீறாங்க."

டிரம்முக்கு வெளியே நீலத் தோல்கள் ஈரமாக மலை போலக் கிடந்தன, எல்லாம் ஒரே நிறம், ஒரே வழவழப்பு. மாடு தானாகவே நடந்து போய், நாங்கள் யாரும் அடையாளம் சொல்ல முடியாத அந்தக் குவியலில், அடியிலிருந்த ஒன்றின் முனையை வாயால் பிடித்துக்கொண்டது. நீலமானது எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது என்று சொன்னேனே, தோலுக்குத்தான் ஞாபகமில்லை, மாட்டுக்கு இருந்தது. இழுத்து விரித்தோம். எங்கள் தோல்ஷாப்பில் முகத்தை நீலமான பிறகுதான் வெட்டுவது வழக்கம். ஆகவே முகமும் இருந்தது, இமையும் இருந்தது, கழுத்தில் கையகலத்துக்குத் தழும்பும் இருந்தது.

போர்த்தியதும் அது ஒட்டிக்கொண்டது, ஊசி வேண்டியிருக்கவில்லை. ஆனால் தோல் சுருங்கியிருந்தது. வயிற்றில் இரண்டு ஓரமும் சேரவில்லை. போதும், விட்டுவிடுங்கள் என்று கஸ்தூரி சொன்னாள். வெளிநாட்டுக்காரரின் கார் பாலத்தைத் தாண்டிவிட்டது என்று முதலாளி சொன்னார். சுருங்கின தோலை இழுக்க எங்களுக்கா சொல்லித்தரவேண்டும். தோலை விறைப்பாக இழுத்துக் காயவைக்கிற சட்டத்தில் மாட்டும் கிளிப்புகளைக் கொண்டுவந்து ஓரங்களில் மாட்டி, பக்கத்துக்கு நாலு பேராக நின்று, தொழிலில் குறை வராமல் இழுத்தோம். வயிறு சேர்ந்துவிட்டது. உதடு மட்டும் மேலே ஏறிப் பல் தெரிந்தது. இமை கிடைத்ததும் மாடு முதல் காரியமாகக் கண்ணை மூடிக்கொண்டது.

வந்தவர் நல்ல மனிதர். நீல மாட்டைத் தடவிப் பார்த்து, எதையோ சொல்லி, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, இவ்வளவு சந்தோஷமாகச் சிரிக்கிற மாட்டை அவர் பார்த்ததில்லையாம் என்று முதலாளி சொன்னார். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். எங்கள் குமட்டலும் அத்தோடு நின்றுபோய் நன்றாகப் பசித்தது. மடி வற்றிவிட்டதால் காதர் பாக்கெட் பாலுக்குத் திரும்பினார். நீலத் தோலில் ஈ உட்காராது. சாயங்காலத்துக்குள் அத்தனை ஈயும் எங்களிடம் திரும்பி வந்துவிட்டது.

கஸ்தூரி கயிறு போட்டுப் பவுனை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். பழைய முளையில் கட்டி, தண்ணீர் வைத்து, பக்கத்தில் நின்றாள். மாடு குடிக்கவில்லை. கஸ்தூரி உள்ளங்கையைத் தழும்பின் மேல் வைத்தாள். தோல் வழவழவென்று, குளிர்ந்து, நல்ல பதத்தில் இருந்தது. அதை அவள் கை தன்னையறியாமல் கவனித்தது, அதற்காக அவளுக்குத் தன் கையின் மேலேயே அருவருப்பு வந்தது. அழுத்திப் பிடித்தாள். "பவுனு, நான்தான்" என்றாள். மாட்டின் மேல் குரோம் வாடை அடித்தது, அவள் மேலும் அதே வாடைதான், எங்கள் எல்லார் மேலும் அதே வாடைதான்.

பவுனு கண்ணைத் திறக்காமல் முகத்தைத் தூக்கி, காற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முகர்ந்தது. கஸ்தூரியின் கை தன் கழுத்தின் மேல் இருக்கும்போதே அது கஸ்தூரியைத் தேடிக்கொண்டிருந்தது.